நாயோடு கால்வாய்ப் படகில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் விட்டதும் இங்கிலாந்துக் கால்வாய்களில் புதுப் படகுக்காரர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். 6 அடி 10 அங்குல அகலத்தில் ஒல்லியான நேரோபோட், அதன் கூரையில் ஒரு நாய். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நாய்க்கு லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தடுப்பூசியை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே செய்கிற தவறுகள் வேறு.

லாக்கில் நாயை வெளியே விடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த நீர்த்தொட்டி; நீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும். அதைக் கடக்கும்போது ஒருவர் டில்லரை, அதாவது சுக்கான் கைப்பிடியை, பிடித்துப் படகை உள்ளே கொண்டுவருவார். இன்னொருவர் விண்ட்லஸ் சாவியோடு கரையில் இறங்கி மதகைத் திறப்பார். நாய்க்கு இதெல்லாம் புரியாது. தன் ஆள் தன்னை விட்டுவிட்டுப் போகிறார் என்பது மட்டும்தான் புரியும். அதுவரை சமர்த்தாகப் படுத்திருந்த நாய் அப்போதுதான் தாவும்.

போன கோடையில் டிவைசஸ் ஊரின் கேன் ஹில்லில் ஒரு ஸ்பானியல் தாவியது. அங்கே மொத்தம் 29 லாக்குகள். அவற்றில் 16 குன்றின் சரிவில் ஒரே நேர்வரிசையில் ஏறும். எல்லாமே அகல லாக்குகள் என்பதால், ஒற்றைப் படகு நின்றால் இன்னொரு படகுக்கான இடம் வெறும் தண்ணீராகக் கிடக்கும். தண்ணீரோடு சேர்ந்து படகு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நாயின் முன்னங்கால்கள் கல் விளிம்பைத் தொட்டன, நகங்கள் பிராண்டின, பிடி கிடைக்கவில்லை. டில்லரில் இருந்தவர் பதறிப்போய் ரிவர்ஸ் போட்டார்.

செய்யவே கூடாதது அதுதான். சுழலும் புரொப்பெல்லர் தண்ணீரையும் நாயையும் சேர்த்துத் தன் பக்கம் இழுக்கும். கரையிலிருந்து “நியூட்ரல்! நியூட்ரல்!” என்று கத்தினேன். அவர் மனைவி ஓடிப்போய் மதகுகளை இறக்கினார். நீரோட்டம் அடங்கிய பிறகு, லைஃப் ஜாக்கெட்டின் முதுகுப் பிடியில் கொக்கிக் கழியை மாட்டி நாயை மேலே இழுத்தோம். உயிர் தப்பியது. ஆனால் படகுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிய பின்னங்கால் முறிந்திருந்தது. 15, 20 டன் எஃகு மெதுவாக இடித்தாலும் எலும்பு தாங்காது.

“எங்க நாய் ரொம்ப அமைதிங்க” என்று சொல்லாதவர்களே இல்லை. அந்த ஸ்பானியலும் அமைதியான நாய்தான்.

சரி, கூரையில் கட்டிப்போடலாமே என்பார்கள். பக்கவாட்டில் வழுக்கினால் கழுத்துப்பட்டையிலேயே தொங்கும். கரையில் கட்டுகிறவர்கள் லாக் கதவின் நீண்ட உத்தரத்தில் கயிற்றைச் சுற்றுகிறார்கள். கதவைத் திறக்கும்போது அந்த உத்தரம்தான் வட்டமடித்து நகரும். நாய் கேபினுக்குள் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கதவு தாழிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு லாக்கிலும், கிழட்டு நாயாக இருந்தாலும்.

வெயிலில் படகுக்குள் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவது

வேண்டாம். எஃகுப் படகு அடுப்பாகிவிடும்.

பச்சைப் படலம்

கோடையில் காற்று அசையாத மூலைகளில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் மிதப்பது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொன்றுவிடக்கூடும். மாற்று மருந்தும் கிடையாது. குடிக்காவிட்டாலும், நனைந்த ரோமத்தை நக்கினாலே போதும். உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

தூண்டில் போடுபவர்கள்

தூரத்தில் கண்டதுமே நாயைக் கயிற்றில் பிடியுங்கள். இரையோடு முள்ளையும் விழுங்கிவிடும்.

பழைய வீட்டு எண்

நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாத படகு, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது. ஆனால் வீட்டை விற்றுவிட்டுப் படகில் குடியேறியவர்களின் நாய்க்கு, தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் பதிவில் அந்தப் பழைய வீட்டின் தொலைபேசி எண்ணே இருக்கும். நாய் தொலைந்தால் யாரை அழைப்பார்கள்? முதலில் கைப்பேசி எண்ணை மாற்றுங்கள். பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதிலும் கைப்பேசி எண்ணைப் பொறித்துவிடுங்கள்.

மருத்துவர்

படகைக் கட்டியதுமே, இரவிலும் பார்க்கும் கால்நடை மருத்துவமனை அருகே எது என்று தேடி வையுங்கள். அப்புறம், படகு நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பாலத்தின் எண்ணோடு அதன்மேல் போகும் சாலையின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கால்வாய்க்காரர்களுக்குப் பால எண் போதும், டாக்சிக்காரருக்குச் சாலைதான் தெரியும்.