நடுவர் 'பெடல்' என்று எழுதினால்: பியானோ போட்டியில் தவிர்க்க வேண்டியவை

கோலாலம்பூரில் எந்தப் பியானோ போட்டிக்குப் போய் உட்கார்ந்தாலும் புதிதாக வரும் பிள்ளைகள் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். நகம் வெட்டாதது, வணங்க மறந்தது எல்லாம் டீச்சரே திருத்திவிடுவார். மதிப்பெண் போவது வேறு இடங்களில்.

கிரேடு தேர்வு என்று நினைப்பது

பிரிட்டனின் இசைத்தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் கிரேடு தேர்வில் 150க்கு 100 வந்தால் தேர்ச்சி, 130 வந்தால் டிஸ்டிங்ஷன். உங்களுக்கு முன்னால் வாசித்தவர் எப்படி வாசித்தாலும் உங்கள் மதிப்பெண் மாறாது. போட்டியில் ஒரே பிரிவுப் பிள்ளைகள் அடுத்தடுத்து மேடையேறுகிறார்கள். பிழையில்லாமல் வாசிப்பவர்களே பலர் இருப்பார்கள். கிரேடு 8 பீஸில் பாதி வழியில் திணறுவதைவிட, கைக்கு முழுதாக அடங்கிய கிரேடு 6 பீஸ் நன்றாக எடுபடும்.

கையும் காலும் சேர்ந்து இறங்குவது

'பெடல் கலங்கலாக இருக்கிறது' என்று நடுவர் எழுதித் தரும் குறிப்புத் தாளில் வந்ததும் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "அடுத்த தடவை பெடலைக் குறைச்சுக்கம்மா." பிள்ளையும் அடுத்த போட்டியில் பெடலைத் தொட்டும் தொடாமலும் இசையமைப்பாளர் ஷோப்பானின் பீஸை வாசிக்கும். இந்த முறை தாளில் 'வறட்சி' என்று வரும். ஒரு வருட உழைப்பு இப்படி வீணாவதைப் பார்க்க உண்மையிலேயே எரிச்சலாக இருக்கிறது. தவறு பெடலின் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

வலது பெடலை மிதித்தால், கம்பியின் ஒலியை அடக்கும் ஃபெல்ட் கட்டைகளான டாம்பர்கள் எல்லாம் கம்பியை விட்டு எழும். விட்டால் இறங்கி ஒலியை அடக்கும். புது கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) அடிக்கும் அதே கணத்தில் காலும் கீழே போனால், பழைய கார்டு அடங்குவதற்குள் டாம்பர் மறுபடி எழுந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். அதுதான் கலங்கல்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு நான்காக எண்ணுங்கள். ஒன்றில் கார்டு, கால் மேலே. இரண்டில் கால் கீழே. மூன்று, நான்கு பிடித்திருங்கள். அடுத்த ஒன்றில் புது கார்டு விழும்போதே கால் மேலே. இது பழகியபின் 'இரண்டை' கொஞ்சம் கொஞ்சமாக 'ஒன்றுக்கு' அருகில் கொண்டு வாருங்கள். குதிகால் தரையை விட்டு எழக்கூடாது.

1832இல் வெளிவந்த ஷோப்பானின் நாக்டர்ன், ஓபஸ் 9 எண் 2, இதற்கு நல்ல சோதனை. இடது கையில் கீழே ஒரு பேஸ் நோட், பிறகு மேலே இரண்டு கார்டு. சுண்டுவிரல் பேஸைத் தொடும்போது கால் மேலே வர வேண்டும்; அந்த விரல் கீயை விட்டுத் தாவுவதற்குள் கால் கீழே போயிருக்க வேண்டும். முந்தினால் கலங்கும், பிந்தினால் பேஸ் காணாமல் போகும்.

வீட்டில் இது ஏன் காதில் விழுவதில்லை? செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டுக்காக அப்ரைட்டின் (நிமிர்ந்து நிற்கும் வீட்டுப் பியானோவின்) நடுப்பெடலை இறக்கிப் பூட்டி வாசிக்கிறார்கள். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபெல்ட் துணி வந்துவிடுவதால் கலங்கல் அமுங்கிப்போகிறது. மேடையில் நிற்பதோ 274 சென்டிமீட்டர் ஸ்டெய்ன்வே டி மாதிரியான பெரிய கிராண்ட் பியானோ. அதன் நீண்ட பேஸ் கம்பிகள் காலைச் சட்டென்று தூக்கி இறக்கினால் அடங்காது. இன்னும் ஒரு நொடிப்பொழுது மேலே வைத்திருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடமாவது அந்த ஃபெல்ட் இல்லாமல் வாசியுங்கள். மேடையில் தொடங்குமுன் பெடலை ஓசையில்லாமல் மெல்ல அழுத்தி, டாம்பர் எந்த இடத்தில் எழுகிறது என்று காலால் பார்த்துக்கொள்ளுங்கள். பியானோவுக்குப் பியானோ அது மாறும்.

குளிர்

ஏர்கோன் அரங்கில் விரல் விறைக்கும். பெயர் கூப்பிடும்வரை ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம்.

ஒளிநகல்

விதியில் அசல் புத்தகம் கேட்டிருந்தால் அசலைத்தான் கொண்டு போக வேண்டும்.

தாளை மடித்து வைப்பது

மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாள் பைக்குள் போய்விடுகிறது. அன்று இரவே புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு குறிப்பும் எந்த பாரை (இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதியை) சொல்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். 'ஓடுகிறது' என்றிருந்தால் மெட்ரோனோமோடு வாசித்து, எந்த பாரில் அதை முந்துகிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது கடினமான இடமாக இருக்காது. அதற்கு முந்தின சுலபமான நான்கு பாராக இருக்கும். இரண்டு நடுவர்கள் வேகத்தைப் பற்றி எதிரெதிராக எழுதியிருந்தால் அதை டீச்சரிடம் விடுங்கள். இருவரும் ஒன்றையே எழுதியிருந்தால் மறுநாள் பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நடுவரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். "எந்த பாரில்?" என்று கேளுங்கள், புத்தகத்தையும் பென்சிலையும் கையில் வைத்துக்கொண்டு.