பைத்தான் ப்ராஜெக்ட்டில் பயன்படாத நிரலைக் கண்டுபிடித்து நீக்குவது எப்படி?

மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் தனி பிராஞ்ச் ஒன்றைத் திறந்து, டெஸ்ட்கள் எல்லாம் பாஸ் ஆகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே ஃபெயில் ஆகும் டெஸ்ட் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே நீக்கத் தொடங்க வேண்டும்.

எளிய வேலையை, பைத்தான் நிரலில் உள்ள குறைகளைச் சுட்டிக்காட்டும் ரஃப் (Ruff) என்ற கருவி பார்த்துக்கொள்ளும். அதன் எஃப்401 விதி பயன்படாத இம்போர்ட்டையும், எஃப்841 விதி மதிப்பு கொடுத்தபின் எங்கும் தொடாத லோக்கல் வேரியபிளையும் பிடிக்கும். ஆனால் சில மாட்யூல்கள் இம்போர்ட் ஆகும்போதே சிக்னல் ஹேண்ட்லர், ப்ளகின் போன்றவற்றைப் பதிவு செய்கின்றன. அந்த வரியை எடுத்தால் எர்ரர் வராது. நடக்க வேண்டிய வேலை மட்டும் நின்றுபோகும். அத்தகைய வரியை விட்டுவைத்து, பக்கத்திலேயே காரணத்தைக் கமென்ட்டாக எழுதுங்கள்.

அடுத்து, பயன்படாத நிரலைத் தேடும் வல்ச்சர் (Vulture) என்ற கருவி. இது நிரலை ஓட்டாமல், படித்து மட்டுமே பார்க்கும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும், அது பயன்படாதது என்பதில் எவ்வளவு உறுதி என்பதைச் சதவீதமாகத் தரும். ரிட்டர்னுக்குப் பின்னால் இருக்கும் ஓடவே முடியாத வரிகளுக்கு 100, இம்போர்ட்டுக்கு 90, ஃபங்ஷன், கிளாஸ், மெத்தட் ஆகியவற்றுக்கு 60. பயன்படாத ஆர்கியுமென்ட்டுக்கும் 100தான். ஆனாலும் வேறொரு நிரலிடம் கொடுத்து, அது அழைக்கும் கால்பேக் ஃபங்ஷனில் அதை எடுத்தால் அழைக்கும் இடத்தில் டைப்எர்ரர் வரும். அங்கே ஆர்கியுமென்ட் பெயருக்கு முன் ஓர் அண்டர்ஸ்கோர் சேர்த்தால் போதும், அழைக்கும் இடம் அந்த ஆர்கியுமென்ட்டைப் பெயர் சொல்லி அனுப்பாதவரை.

பொறுமை தேவைப்படுவது 60 பட்டியலுக்கு. இணைய முகவரியோடு இணைக்கும் ரூட் (route) டெக்கரேட்டர் போட்ட ஃபங்ஷனும், டெம்ப்ளேட்டிலிருந்து மட்டும் அழைக்கப்படும் மெத்தடும் இதில் வந்து நிற்கும். எனவே ஒவ்வொரு பெயரையும் கிட் கிரெப் (git grep) என்ற தேடல் கட்டளை கொண்டு பைத்தான் ஃபைல்களில் மட்டுமல்லாமல் எச்டிஎம்எல், யாமல், டாமல் ஃபைல்களிலும் தேடுங்கள். 'ஹேண்டில்_பேமென்ட்' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தால் 'ஹேண்டில்_' என்ற முன்பாதியைத் தனியாகவும் தேட வேண்டும். நிரல் ஓடும்போது பின்பாதியை ஒட்டி, பெயரை வைத்து ஃபங்ஷனை எடுத்துத் தரும் கெட்அட்டர் (getattr) வழியாக அழைத்திருந்தால் முழுப்பெயர் எங்கும் கிடைக்காது.

எதிர்த்திசையிலும் கோட்டைவிட வாய்ப்புண்டு. வல்ச்சர் பெயரைத்தான் ஒப்பிடுகிறது. ஏதோ ஒரு கிளாஸின் 'சேவ்' மெத்தடை யாராவது அழைத்தாலே, எல்லா கிளாஸ்களின் 'சேவ்' மெத்தட்களும் பயன்பாட்டில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். பொதுவான பெயர்களை நீங்களே பார்க்க வேண்டும்.

பலர் தவறவிடுவது டெஸ்ட் ஃபோல்டர். வல்ச்சரை அதைச் சேர்த்து ஒரு முறையும் விட்டு ஒரு முறையும் ஓட்டுங்கள். இரண்டாவது பட்டியலில் மட்டும் வரும் பெயர்கள் டெஸ்ட்டுக்காகவே உயிரோடு இருப்பவை. அவற்றை உறுதிசெய்து, டெஸ்ட்டோடு சேர்த்து நீக்குங்கள். தேங்கிக் கிடக்கும் நிரல் இங்கேயும் ஒளிந்திருக்கும்.

ஒரு கமிட்டில் ஒரே விஷயத்தை நீக்குங்கள். சிக்கல் வந்தால் அதை மட்டும் ரிவர்ட் செய்யலாம். கமென்ட்டாக்கி வைக்க வேண்டாம், பழையது கிட்டில் இருக்கிறது. ஒரு ஃபங்ஷன் போனதும் அது மட்டுமே அழைத்துவந்த மற்றொன்று பயனற்றுப்போகும். ஆகவே புதிதாக எதுவும் வராதவரை வல்ச்சரைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். சந்தேகம் தீராத ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு லாக் போட்டு புரொடக்ஷனில் விட்டுப் பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகளும் ஒரு சுற்று முடிந்த பிறகே முடிவெடுங்கள். மற்றவர்கள் இன்ஸ்டால் செய்யும் லைப்ரரி என்றால் உடனே நீக்காமல், முதலில், இது பின்னர் நீக்கப்படும் என்று சொல்லும் டெப்ரிகேஷன் வார்னிங்குடன் ஒரு வெர்ஷன் வெளியிடுங்கள்.

வேண்டுமென்றே விட்டுவைத்த பெயர்களை வல்ச்சர் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் ஒயிட்லிஸ்ட் ஃபைலில் சேர்த்து, ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் (CI) வல்ச்சரை இணைத்துவிடுங்கள். பயன்படாத நிரல் கிடைத்தால் அது எக்ஸிட் கோட் 3 தரும். பில்ட் அங்கேயே நிற்கும்.