பிரிவுப் போட்டியாளர்களைக் கொண்டு நம் அணி வீரர்களை மதிப்பிடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணியை மனதார நேசிப்பவர், தம் வீரர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அதே பிரிவில் உள்ள மற்ற மூன்று அணிகளையும் நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நான் கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகன். ஆகவே சிகாகோ பேர்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ் ஆகியவற்றோடு நாங்கள் இருக்கும், என்.எஃப்.எல். தொடரின் இரு பாதிகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் வடக்குப் பிரிவையும், அதன் 2024 சீசனையும் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு அணியை ஆதரிப்பவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு இதே முறையைப் பின்பற்றலாம்.

முதலில் பிரிவு ஆட்டங்களின் எடையைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தான என்.எஃப்.எல். தொடரில் 32 அணிகள், பிரிவுக்கு நான்காக எட்டுப் பிரிவுகளில் ஆடுகின்றன. ஓர் அணியின் 17 ஆட்டங்களில் ஆறு பிரிவுக்குள்ளேயே நடப்பவை. ஒவ்வொரு போட்டியாளரையும் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் அவர்கள் மைதானத்தில் ஒரு முறையும் சந்திக்க வேண்டும். பிரிவில் முதலிடம் பெற்றால், பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்ட நாக்அவுட் ஆட்டங்களில் இடம் உறுதி. இரண்டாமிடம் என்றால் எத்தனை வெற்றிகள் இருந்தாலும், பிரிவை வெல்லாத அணிகளுக்கான வைல்டு கார்டு வழியாகத்தான் நுழைய முடியும். 2024 சீசனின் கடைசி வாரத்தில் லயன்ஸும் வைக்கிங்ஸும் தலா 14 வெற்றி, 2 தோல்வி என்ற நிலையில் மோதின. 31-9 என்று வென்ற லயன்ஸுக்கு என்.எஃப்.சி.யின் முதலிடமும் முதல் சுற்று ஓய்வும் கிடைத்தன. தோற்ற வைக்கிங்ஸோ 14 வெற்றிகளைக் கையில் வைத்துக்கொண்டே பிளேஆஃப் வரிசையில் ஐந்தாமிடத்துக்கு இறங்கி, 10 வெற்றிகளோடு தன் பிரிவை வென்றிருந்த ராம்ஸிடம் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியது.

அடுத்து, நம் அணியின் ஆட்டங்களைப் பிரிவுக்குள், பிரிவுக்கு வெளியே என்று இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பேக்கர்ஸ் அந்த சீசனில் 11 வெற்றி, 6 தோல்வி. இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் நல்ல அணி என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தால், வெளியே 10 வெற்றி, 1 தோல்வி. பிரிவுக்குள் 1 வெற்றி, 5 தோல்வி. நம் வீரர்களில் யார் உண்மையில் வளர்ந்திருக்கிறார்கள், யார் எளிய எதிரணிகளிடம் மட்டும் பளிச்சிட்டார்கள் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் அந்த ஆறு ஆட்டங்கள்தான். ஏனென்றால் பிரிவு எதிரணிகள் நம்மை ஆண்டுக்கு இரண்டு முறை ஆராய்கின்றன. நம் பலவீனம் அவர்களுக்கு மனப்பாடம்.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கிலிருந்து தொடங்கலாம். ஜோர்டன் லவ் சீசனின் முதல் ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு, இரண்டு ஆட்டங்களைத் தவறவிட்டு, நான்காவது வாரம் வைக்கிங்ஸுக்கு எதிராகத் திரும்பினார். அன்று அவர் எறிந்தது 389 யார்டு, நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), மூன்று இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட எறி). புள்ளிவிவரத்தை மட்டும் படிப்பவர் இதைச் சாதனை என்பார். ஆனால் வைக்கிங்ஸ் 28-0 என்று முன்னிலை பெற்ற பிறகே ஆட்டம் திரும்பியது என்பதையும், பெரிய முன்னிலையில் உள்ள அணி குறும்பாஸ்களை விட்டுக்கொடுத்து நேரத்தைக் கரைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனவே எந்த எண்ணையும் குறிக்கும்போது, அது வந்த நேரத்தில் ஸ்கோர் என்ன என்பதைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆட்டம் 31-29 என்று முடிந்தது. நம் உதைப்பாளர் அன்று இரண்டு ஃபீல்டு கோல்களை (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி பெறும் வாய்ப்பு) தவறவிட்டார். தோல்வி முழுவதையும் லவ்வின் தலையில் கட்டுவதும் சரியல்ல, நான்கு டச்டவுன்களைக் காட்டி அவரை முழுவதுமாக விடுவிப்பதும் சரியல்ல.

வைக்கிங்ஸின் தற்காப்பை நடத்தும் பிரையன் ஃப்ளோரஸ், ஐந்தாறு பேரைப் பந்து இருக்கும் கோட்டருகே நிறுத்திவிட்டு, அவர்கள் அனைவரையும் குவாட்டர்பேக் மீது பாயவிடுவாரா, எட்டுப் பேரைப் பின்னுக்கு இழுப்பாரா என்பதைக் கடைசி நொடிவரை மறைப்பவர். அவருக்கு எதிரான ஆட்டத்தில் நம் குவாட்டர்பேக்கைக் கவனிக்க எளிய வழி ஒன்று உண்டு: பந்து கைக்கு வருவதற்கு முந்தைய சில நொடிகளில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தம்மைக் காத்து முன்னால் நிற்கும் வரிசை வீரர்களிடம் பாதுகாப்பை மாற்றச் சொல்கிறாரா, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை இடம் மாற்றுகிறாரா, அல்லது வந்தபடியே ஆடிவிடுகிறாரா? ஒரு சீசனில் ஒருவர் வளர்ந்தாரா என்பதை முதல் வைக்கிங்ஸ் ஆட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே இந்த ஒன்றில் தெரியும் வேறுபாடே நமக்குச் சொல்லிவிடும்.

தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் தொடர்ந்து ஓடுவதால், பந்தைத் தொடாதவர்களுக்கு ரசிகர்களிடம் நியாயம் கிடைப்பதே இல்லை. மறு ஒளிபரப்பைப் பார்க்கும்போது, ஒரு தொடர் முழுக்க ஒரே வீரரை மட்டும் பாருங்கள். லயன்ஸ் ஆட்டமென்றால் 58 எண் சட்டையணிந்து வரிசையின் ஓரத்தில் நிற்கும் டாக்கிள் பெனே சூவெல்லைப் பாருங்கள். அவர் முன்னால் நிற்கும் நாளில் குவாட்டர்பேக்கைத் துரத்தும் நம் பாஸ் ரஷர் ஒரு சாக்கும் (பந்தை எறியும் முன்பே அவரை வீழ்த்துவது) எடுக்கவில்லை என்றால் அது சோம்பலா, அல்லது லீக்கிலேயே மிகச் சிறந்த வரிசை வீரர்களுள் ஒருவரிடம் சிக்கியதா என்பது அப்போதுதான் விளங்கும். அதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டு, நம் தற்காப்பின் பின்வரிசையில் ஆடிய சேவியர் மெக்கின்னி. ஜயண்ட்ஸிலிருந்து வந்த முதல் சீசனிலேயே அவர் எட்டு இன்டர்செப்ஷன்கள் எடுத்தார். முதல் ஐந்து ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒன்று. இதில் அதிர்ஷ்டம் கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குவாட்டர்பேக்கின் கண்ணைப் படித்து, பந்து கிளம்புவதற்கு முன்பே மெக்கின்னியின் கால் நகர்வதைக் கண்டவர்கள் அதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டார்கள்.

இனி எதிரணிகள். இங்கேதான் ரசிகர்களின் மதிப்பீடு பெரும்பாலும் கெடுகிறது. வெறுப்பு கண்ணை மறைத்துவிடுகிறது. எதிரணியைப் படிக்க நான் பரிந்துரைக்கும் முதல் கேள்வி, பத்து யார்டு முன்னேறத் தரப்படும் நான்கு முயற்சிகளில் கடைசியான நான்காவது டவுனில் அவர்கள் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பதே. 2024 டிசம்பர் 5 அன்று டெட்ராய்ட்டில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கோர் 31-31, மீதம் 43 நொடி, பந்து நம் 21 யார்டு கோட்டில், நான்காவது டவுன், தேவை ஒரு யார்டு. பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஃபீல்டு கோல் உதைத்து மூன்று புள்ளியை எடுத்திருப்பார்கள். லயன்ஸ் பயிற்சியாளர் டான் கேம்பல் உதைக்காமல் ஆடவே முடிவெடுத்தார். அவர்கள் குவாட்டர்பேக் ஜாரட் கோஃப் கால் இடறி விழும் நிலையிலேயே பந்தை ரன்னிங் பேக் டேவிட் மாண்ட்கமரியின் வயிற்றில் திணிக்க, அவர் தேவையான யார்டைத் தாண்டி மீண்டும் முதல் டவுனைப் பெற்றார். பிறகு லயன்ஸ் கடிகாரத்தை முழுவதுமாக ஓடவிட்டு, கடைசி நொடியில் 35 யார்டு உதையில் 34-31 என்று வென்றது. நம் தற்காப்பு அந்த ஒரு யார்டில் தோற்றது உண்மைதான். என்றாலும், மூன்று டவுனுக்குப் பதிலாக நான்கு டவுனையும் பயன்படுத்தும் அணியோடு மோதும்போது மூன்றாவது டவுன் புள்ளிவிவரத்தை வைத்து நம் தற்காப்பைப் பாராட்டுவதில் பொருளில்லை. லயன்ஸுக்கு எதிரே நிற்பவர்களை நான்காவது டவுன் வரை கணக்கிட்டே மதிப்பிட வேண்டும்.

அந்த அணியை மதிக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 2008-இல் 16 ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. 2021-இல் தன் குவாட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபர்டைக் கொடுத்து கோஃபையும், டிராஃப்ட் எனப்படும் புதுவீரர் தேர்வில் கூடுதல் வாய்ப்புகளையும் பெற்றது. அதே ஆண்டு 112-ஆவது தேர்வில், எறியும் பந்தைப் பிடிக்கும் வீரரான அமோன்-ரா செயின்ட் பிரவுனை எடுத்தது. 2023-இல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரிவை வென்றது. இப்படிக் கட்டப்பட்ட அணியிடம் இரண்டு முறை தோற்றதை நடுவர்கள் மேல் பழி போட்டுக் கடந்துவிட்டால், நம் அணிக்கு எது குறைகிறது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். எங்களிடம் குறைவாக இருந்தது பாஸ் ரஷ். 2025 ஆகஸ்ட்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் தற்காப்பு வீரர் கென்னி கிளார்க்கையும் கொடுத்து பாஸ் ரஷர் மைகா பார்சன்ஸை வாங்கியதை விலை அதிகம் என்று பலர் குறை சொன்னபோது, கோஃபை அமைதியாக நின்று எறியவிட்டால் என்ன ஆகும் என்று கண்டிருந்த நான் அதை நியாயமான விலை என்றே கருதினேன்.

கடைசி உதையில் முடிந்த ஆட்டங்களைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். அந்த சீசனில் நவம்பரில் சிகாகோவில் நாங்கள் 20-19 என்று வென்றது, பேர்ஸ் உதைப்பாளர் கைரோ சாண்டோஸின் கடைசி உதையில் எங்கள் கார்ல் புரூக்ஸின் கை பட்டதால். ஜனவரியில் கிரீன் பேயில் அதே சாண்டோஸ் 51 யார்டிலிருந்து கடைசி உதையைச் சரியாக உதைத்தார். பேர்ஸ் 24-22 என்று வென்று, எங்களிடம் தொடர்ந்து 11 முறை தோற்ற கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இந்த இரண்டு முடிவுகளையும் வைத்து இரு அணி வீரர்களைப் பற்றியும் எதையும் முடிவுகட்டக் கூடாது. உதை வரை அணியைக் கொண்டுவந்த 59 நிமிடங்களையே பார்க்க வேண்டும்.

இளம் குவாட்டர்பேக்குகள் விஷயத்தில் பொறுமை அவசியம். லவ் மூன்று ஆண்டுகள், எங்கள் அப்போதைய முதன்மைக் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் காத்திருந்தவர். 2023-இல் அவர் பொறுப்பேற்றபோது அணி 2 வெற்றி, 5 தோல்வி என்று தடுமாறி, பின்னர் பிளேஆஃபில் கவ்பாய்ஸை அவர்கள் மைதானத்திலேயே 48-32 என்று வென்றது. பேர்ஸின் கேலப் வில்லியம்ஸோ காத்திருப்பே இல்லாமல் முதல் ஆட்டத்திலேயே இறக்கப்பட்டு, 2024 சீசனில் 68 முறை சாக் ஆனார். பந்தை நீண்ட நேரம் கையில் வைத்திருந்தது அவர் குற்றம். அவர் முன்னால் நின்ற வரிசை அடிக்கடி உடைந்தது அவர் குற்றமல்ல. இரண்டையும் பிரிக்காமல் அவரை எளிதாகக் கருதும் பேக்கர்ஸ் ரசிகர்கள் தவறு செய்கிறார்கள்.

எனவே குறிப்புகளைச் சீசன் முடிந்ததும் மூடிவிடாதீர்கள். பிரிவுக்குள் ஆட்கள் இடம் மாறுவதை வசந்த காலத்தில் கவனியுங்கள். 2009-இல் வைக்கிங்ஸுக்குப் போன எங்கள் முன்னாள் குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் அந்த ஆண்டு எங்களை இரண்டு முறையும் வென்றார். 2023-இல் பேர்ஸிலிருந்து லயன்ஸுக்கு வந்தவர்தான் அந்த நான்காவது டவுனில் ஓடிய மாண்ட்கமரி. 2025 ஜனவரியில் லயன்ஸின் தாக்குதலை வடிவமைத்த பென் ஜான்சனைப் பேர்ஸ் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அதையடுத்து ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று வரிசையின் நடுப்பகுதி மூவரையும் புதிதாகக் கொண்டுவந்தது. இத்தகைய மாற்றம் நடந்த அணிக்குப் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு, பயிற்சியாளர் பெயரையும் வரிசையில் நிற்கும் ஐவரின் பெயரையும் மேலே எழுதி, முதல் பிரிவு ஆட்டத்திலிருந்து புதிதாகக் கணக்கைத் தொடங்குங்கள்.