வாக்கியக் கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் முறை

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் பிழையின்றிச் செய்யும் பிள்ளைகள்கூட, அதே எண்கள் நான்கைந்து வரிகளுக்குள் பொதிந்து வந்தால், “இதைக் கூட்டுவதா, பெருக்குவதா?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி எழுந்தால் கணக்கை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே, பேனாவை எடுக்குமுன் பின்வரும் கணக்கை இருமுறை படியுங்கள்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை ஒரு வியாபாரி கிலோ 25 ரூபாய் வீதம் 40 கிலோ வாங்கி, 150 ரூபாய் ஆட்டோ வாடகை கொடுத்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறார். அதில் 4 கிலோ சொத்தையாகக் கழிந்துவிடுகிறது. அவருக்கு 290 ரூபாய் லாபம் நிற்க வேண்டுமானால், மீதிக் காயைக் கிலோ என்ன விலைக்கு விற்க வேண்டும்?

முதலில், கேட்கப்படுவதை அலகோடு எழுதுங்கள்: ஒரு கிலோவின் விற்பனை விலை, ரூபாயில். பிறகு தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக அலகோடு எழுதும்போது, 2023 என்ற எண்ணுக்கு இங்கே வேலையில்லை என்பது தானாகவே தெரியும். எண் கண்ணில் பட்டதாலேயே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதில்லை.

அடுத்து, விடை எவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்லிப் பாருங்கள். 25 ரூபாய்க்கு வாங்கிய காயின்மேல் வாடகையும் கழிவும் லாபமும் ஏறுவதால் விலை 25-ஐத் தாண்டியே ஆக வேண்டும்; ஆனால் 100 ரூபாயை எட்டவும் வழியில்லை. பலர் தவிர்த்துவிடும் இந்தப் படியையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இனிக் கணக்கு. காயின் விலை 40 × 25 = 1,000 ரூபாய். வாடகையோடு முதலீடு 1,150 ரூபாய். லாபத்தையும் சேர்த்தால் கைக்கு வர வேண்டியது 1,440 ரூபாய். விற்பதற்கு இருப்பது 36 கிலோ மட்டுமே என்பதால், 1,440 ÷ 36 = 40 ரூபாய். கழிவை மறந்து 40 கிலோவால் வகுத்தவருக்கு 36 ரூபாய் என்ற விடை வரும். அதுவும் உத்தேசத்துக்குள் அடங்குவதால் தவறு மறைந்தே இருக்கும். விடையைக் கணக்கிலேயே திரும்ப வைத்துப் பார்த்தால்தான் வெளிப்படும். 36 கிலோவை 36 ரூபாய்க்கு விற்றால் 1,296 ரூபாய்தான் வரும். லாபம் 146 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

சில சொற்களைக் கண்டதும் செயலை முடிவு செய்வது ஆபத்தானது. “குடியாத்தத்தில் ஒருவர் இன்று 900 பீடி சுற்றினார், இது நேற்றைவிட 150 அதிகம். நேற்று எத்தனை?” இதில் ‘அதிகம்’ என்ற சொல் இருந்தாலும் கழிக்கத்தான் வேண்டும், விடை 750.

வகுத்து வந்த விடை நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். ஆரணித் திருமணத்துக்கு 100 பேர் போக, 12 பேர் அமரும் வேன்கள் எட்டு போதாது, ஒன்பது வேண்டும். காட்பாடியில் 9.50-க்குப் புறப்படும் ரயில் 1 மணி 45 நிமிடம் ஓடினால் 11.35-க்குச் சேரும், தசம எண்களைப் போலக் கூட்டினால் 11.35 என்பதற்குப் பதிலாக 10.95 என்ற இல்லாத நேரம் வரும்.

வட்டிக் கணக்கில் மொழியே தடுமாற வைக்கும். நம் ஊரில் கைமாற்றாக 15,000 ரூபாயை ‘ரெண்டு வட்டி’க்கு வாங்கினால், நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று பொருள். மாதத்துக்கு 300 ரூபாய். எட்டு மாதத்துக்கு 2,400 ரூபாய். பாடப்புத்தகப் பழக்கத்தில் அதை ஆண்டுக்கு 2 சதவீதம் என்று கொண்டால் வெறும் 200 ரூபாய் வரும். காலத்தின் அலகை முதல் வரியிலேயே ‘மாதம்’ என்று குறித்துக்கொள்பவர், அந்தக் கடன் உண்மையில் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் கண்டுகொள்வார்.