வோல்டேஜ் எங்கே விழுகிறது? பவர் சர்க்யூட்டில் தேடும் முறை

3.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 2.9 தான் வருகிறது என்றால், பலருக்கு முதலில் கை போவது ஹாட் ஏர் கன் மேல்தான். வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐசியைக் கழற்றி வேறொன்று போட்டுப் பார்ப்பார்கள். என் மேசைக்கு வரும் போர்டுகளில் பல அப்படித்தான் வருகின்றன: ஐசி புதிது, அதைப் பற்றவைக்கும் பேடு கருகியிருக்கும், வோல்டேஜ் மட்டும் அதே 2.9. நான் ரெகுலேட்டரைக் கடைசியில்தான் தொடுவேன். வோல்டேஜ் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போகிறது என்பதுதான் கேள்வி. அது தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது.

முதல் வேலை, போர்டில் கரண்ட் ஓட வைப்பது. லோடு (கரண்டை இழுக்கும் பாகம்) இல்லாமல் அளந்தால் எல்லாம் அழகாக 3.3 காட்டும். போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கிறது, அளக்க விடவில்லை என்றால், புராசசரை ரீசெட்டிலேயே பிடித்து வைத்துவிட்டு, அவுட்புட்டில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். 330 மில்லிஆம்ப் நிலையாக ஓடும். அதில் ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும், அதனால் 5 வாட் ரெசிஸ்டராக எடுங்கள். கால் வாட் ரெசிஸ்டர் புகைந்துவிடும்.

இப்போது மல்டிமீட்டர். கருப்பு புரோப்பை ஏதோ ஒரு கிரவுண்டில் செருகிவிட்டு, சிவப்பை மட்டும் அங்கங்கே தொட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒவ்வொரு பாகத்தின் இரண்டு முனையிலும் இரண்டு புரோப்பையும் வையுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கனெக்டர், கனெக்டர் பின்னிலிருந்து போர்டு பேடு, அப்புறம் ஃபியூஸ், மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் சுவிட்ச்), இண்டக்டர் (கம்பிச் சுருள்), டிராக் (போர்டின் செம்புப் பாதை) என்று கரண்ட் போகும் வழியிலேயே நடந்து போங்கள். லோடின் கிரவுண்டு பின்னிலிருந்து பேட்டரி மைனஸ் வரைக்கும் திரும்பி வருவதுதான் பலர் மறக்கும் பாதி. போகிற வழியில் விழுவது போலவே திரும்பும் வழியிலும் வோல்டேஜ் விழும். கருப்பு புரோப் போர்டு கிரவுண்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது கண்ணில் படவே படாது.

சமீபத்தில் பார்த்த ஒரு கைக்கருவி போர்டு. ஒற்றை லித்தியம் செல், லோடில் 4.0 வோல்ட், சுமார் 0.6 ஆம்ப். பேட்டரி வயரில் 12 மில்லிவோல்ட், பாலிஃபியூஸில் (கரண்ட் மிஞ்சினால் தடுத்து, ஆறியதும் திரும்ப விடும் ஃபியூஸ்) 210, மாஸ்ஃபெட்டில் 95, கிரவுண்டு பக்கக் கனெக்டரில் 160. கூட்டினால் 477. ரெகுலேட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 3.52 தான். பாவம், அது என்ன செய்யும்?

ஒவ்வொன்றையும் 0.6 ஆல் வகுத்தால் மின்தடை கிடைத்துவிடும். கனெக்டர் பின் 0.27 ஓம். நல்ல பின் என்றால் 10, 20 மில்லிஓம்தான் இருக்க வேண்டும். புரோப்பை எடுக்காமல் வயரை லேசாக அசைத்தேன், ரீடிங் 40க்கும் 200க்கும் நடுவே துள்ளியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், வயர் முனையில் பின்னை நசுக்கி கிரிம்ப் செய்தபோது வயரின் தோலையும் சேர்த்துக் கவ்வியிருந்தது. உள்ளே செம்பின் சில இழைகள் மட்டுமே உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. பாலிஃபியூஸ் 0.35 ஓம். ஒருமுறை டிரிப் ஆன, அதாவது சூடாகிக் கரண்டைத் தடுத்த, பாலிஃபியூஸ் ஆறிய பிறகும் புதிதில் இருந்த மின்தடைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் டிரிப்புக்குப் பிந்தைய உச்ச மதிப்பு தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். டிசைன் கணக்கை அதை வைத்துத்தான் போட வேண்டும்.

மாஸ்ஃபெட் கதை வேறு. 95ஐ 0.6 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 160 மில்லிஓம், ஆனால் டேட்டாஷீட் 50 என்கிறது. அந்த 50, மாஸ்ஃபெட்டைத் திறக்கும் காலான கேட்டுக்கும், கரண்ட் போகும் கால்களில் ஒன்றான சோர்ஸுக்கும் இடையே 4.5 வோல்ட் இருக்கும்போது. இந்த போர்டில் அளந்தால் 2.3 தான், கேட்டில் போட்டிருந்த இரண்டு ரெசிஸ்டர்கள் வோல்டேஜைப் பங்கு போட்டுவிட்டன. டேட்டாஷீட்டில் திரெஷோல்டு ஒரு வோல்ட் என்று பார்த்ததும் 2.3 போதும் என்று நினைக்கத் தோன்றும். திரெஷோல்டு என்பது பெரும்பாலும் 250 மைக்ரோஆம்ப் மட்டும் ஓடத் தொடங்கும் அளவு. கதவு முழுதாகத் திறப்பதற்கு அது ரொம்ப முன்னால். பேட்டரியில் ஓடும் போர்டுக்கு, 2.5 வோல்ட் கேட்டில் மின்தடை எவ்வளவு என்று சொல்லியிருக்கும் மாஸ்ஃபெட்டாகப் பார்த்து எடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ரெகுலேட்டர் பக்கம் வர வேண்டும். அங்கேயும் முதலில் டிராப்அவுட் கணக்கு. 1117 வகை ரெகுலேட்டருக்கு இன்புட், அவுட்புட்டைவிட சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக வேண்டும். 3.3 வேண்டுமென்றால் 4.4. லித்தியம் செல் முழு சார்ஜிலேயே 4.2 தான். ஐசியை எத்தனை தடவை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. வோல்டேஜை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் என்றால் இன்புட் கரண்டைக் கணக்கிடுங்கள்: 5 வோல்ட்டில் 1 ஆம்ப் கொடுக்க, 3.3 வோல்ட் செல்லிலிருந்து, 85 சதவீதத் திறனில், 1.8 ஆம்புக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். செல் இறங்க இறங்க இன்னும் அதிகம் இழுக்கும், இழுக்க இழுக்க செல் இன்னும் இறங்கும்.

மில்லிவோல்ட் கணக்கு எல்லாம் சரியாக வந்தும் போர்டு ரீசெட் ஆகிறதா? அப்போது விழுவது கணநேரம் மட்டும். மல்டிமீட்டர் ஒரு நொடிக்குச் சில முறைதான் ரீடிங் எடுக்கும், அதுவும் சராசரியாக. 100 மைக்ரோசெகண்ட் பள்ளம் அதற்குத் தெரியாது. வைஃபை சிப்புகள் இப்படித்தான் மாட்டும். இஎஸ்பி32 என்ற வைஃபை சிப்புக்குக் குறைந்தது 500 மில்லிஆம்ப் தரும் சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்வது இதற்காகத்தான்.

வோல்டேஜைப் படமாக வரையும் ஆசிலோஸ்கோப்பை, ஒரே முறை பிடித்து நிற்கும் சிங்கிள் ஷாட்டில் போட்டு, இறங்கும் விளிம்புக்கு, 3.1 வோல்ட்டில் டிரிகர் வையுங்கள். புரோப் முனை, சிப்புக்கு மிக அருகிலுள்ள கெப்பாசிட்டர் மேல் இருக்க வேண்டும். நீளமான கிரவுண்டு கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோப்போடு வரும் சின்ன ஸ்பிரிங்கை மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த வயரே ஆன்டெனா போல வேலை செய்து இல்லாத பள்ளத்தையெல்லாம் காட்டும்.

அப்புறம் படத்தின் வடிவத்தைப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கும். ஊசி போல இறங்கி சில மைக்ரோசெகண்டில் எழுந்தால், பக்கத்தில் கெப்பாசிட்டர் போதவில்லை. லோடு இழுக்கும் நேரம் முழுக்கத் தட்டையாகக் கீழேயே கிடந்தால், வழியில் மின்தடை. மறுபடி மில்லிவோல்ட் நடைதான். பூஜ்யம் வரை விழுந்து, ஒரே சீரான இடைவெளியில் எழுந்து எழுந்து விழுந்தால், கன்வெர்ட்டர் ஓவர்கரண்டில் தன்னைத்தானே அணைத்து மீண்டும் முயல்கிறது. அப்போது ஷார்ட் இருக்கிறதா என்றும், இண்டக்டரின் சாச்சுரேஷன் கரண்ட் (அதற்கு மேல் போனால் இண்டக்டர் ஒழுங்காக வேலை செய்யாத அளவு) போதுமா என்றும் பாருங்கள்.

கெப்பாசிட்டரில் 10 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பதை நம்பி உட்காராதீர்கள். சின்ன உடம்பு, 6.3 வோல்ட், எக்ஸ்5ஆர் வகை செராமிக்கில் 5 வோல்ட் கொடுத்தால் பாதிக்கு மேல்கூடக் காணாமல் போகும். வோல்டேஜ் ரேட்டிங்கும் உடம்பும் பெரியதாக எடுங்கள். இன்னொன்று, சுவிட்ச் வழியாக வேறொரு பகுதியை ஆன் செய்யும் கணத்தில்தான் விழுகிறது என்றால், அந்தப் பக்கத்துக் காலிக் கெப்பாசிட்டர்தான் காரணம். இங்கே சார்ஜ் ஆன 10 மைக்ரோஃபாரட், அங்கே காலியான 10 மைக்ரோஃபாரட்; திடீரென்று சேர்த்தால் 3.3 அந்த நொடியே 1.65 பக்கம் வந்துவிடும். சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட்டின் கேட்டில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு சுவிட்சை மெதுவாகத் திறக்க வையுங்கள்.

அளக்கும் கருவியையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கரண்ட் அளக்க மல்டிமீட்டரின் மில்லிஆம்ப் சாக்கெட்டைத் தொடராக மாட்டினால், உள்ளே கரண்டை அளக்க இருக்கும் ஷன்ட் ரெசிஸ்டரும் ஃபியூஸும் சேர்ந்து ஒரு ஓம், அதற்கு மேலும் சேர்க்கலாம். மீட்டர் இருந்தால் போர்டு ரீசெட், எடுத்தால் சரி என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

சரி செய்த பிறகு, முழு சார்ஜ் பேட்டரியில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பெஞ்ச் சப்ளையை 3.4 வோல்ட்டில் வைத்து, தொடராக ஒரு 0.1 ஓம் ரெசிஸ்டரையும் போடுங்கள், ஏனென்றால் உண்மையான செல்லுக்கு உள்மின்தடை உண்டு, பெஞ்ச் சப்ளைக்கு ஏறக்குறைய இல்லை. அதன் கரண்ட் லிமிட்டையும் தாராளமாக வையுங்கள். போர்டு நன்றாகச் சூடான பிறகு அதே மில்லிவோல்ட் நடையை இன்னொரு முறை நடந்துவிடுங்கள். சூட்டில் மாஸ்ஃபெட்டின் மின்தடை ஒன்றரை மடங்கு வரை ஏறும்.