மே மாத மிசிசிப்பியில் வால்ஐ, பாஸ் மீன்கள்: தூண்டில்காரர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் எல்லையாக ஓடும் மேல் மிசிசிப்பி ஆற்றில், மே மாதக் கடைசியிலும் பலர் படகை நேராக அணைக்கட்டின் அடிக்குத்தான் விடுகிறார்கள். ஏப்ரலில் அங்கே வால்ஐ என்னும் நன்னீர் வேட்டை மீன் குவிந்திருந்தது உண்மைதான். ஆனால் நீர் 6 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே அவை முட்டையிட்டு முடித்துவிடும். அப்புறம் அணையடியிலேயே ஏன் நிற்கும்? கணிசமானவை கீழே இறங்கி, விங் டேம்களில் இரை தேடப் போய்விடும்.

விங் டேம் என்பது கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் கல்வரிசை. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் தடத்தை ஆழப்படுத்த ராணுவப் பொறியாளர்கள் போடத் தொடங்கியவை. 1930களில் அணைகள் வந்து நீர் உயர்ந்ததும் பல மூழ்கிவிட்டன. கல்வரிசையைத் தாண்டி நீர் இறங்கும் கீழ்ப்பக்கம்தான் மீன் ஒதுங்கும் என்று நினைத்து அங்கேயே தூண்டில் போடுவது அடுத்த தவறு. இரை தேடும் வால்ஐ பெரும்பாலும் மேல்பக்கத்தில், நீர் வந்து மோதும் கல்லின் அடியில் கிடக்கும். மோதிய நீர் அங்கே வேகம் இழந்துவிடுவதால் மீனுக்கு அலுப்பில்லை, இரையும் தானாக வந்து சேரும்.

ஆகவே நீர் வரும் மேல்பக்கத்தில் நங்கூரமிட்டு, ஜிக்கை (தலையில் எடை கோத்த தூண்டில் முள்) கல்லை நோக்கி விடுங்கள். அது தரையில் தட்டுவது கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எடை போதவில்லை. நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையில் மட்டுமே கட்டுங்கள். பின்னால் கட்டினால் நீரோட்டம் பின்பக்கத்தை அழுத்தி, தண்ணீர் உள்ளே ஏறிவிடும். லைஃப் ஜாக்கெட்டும் உடம்பில் இருக்கட்டும். மே மாத நீர் இன்னும் குளிர்தான்.

தெளிந்த நீரில் உச்சி வெயிலில் வால்ஐ தேடுவதும் வீண். ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் அதன் கண்ணுக்குள் இருப்பதால், அந்தி மங்கலில் இரையைவிட அதற்கே பார்வை நன்றாக இருக்கும். நீர் கலங்கியிருந்தால் பகலிலும் கடிக்கும்.

என் மனதை உறுத்தும் தவறு ஸ்மால்மவுத் பாஸ் என்னும் மீனைப் பிடிப்பதில் நடக்கிறது. நீர் 15 டிகிரியைத் தாண்டியதும் ஆண் மீன் சரளைக்கல்லில் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுப் போனபின் காவலுக்கு நிற்பது ஆண்தான். பசியில்லாவிட்டாலும் குழிப்பக்கம் வரும் எதையும் அது கடிக்கும், அதனால் பிடிப்பது சுலபம். அதைத் தூக்கிய சில நிமிடங்களில் சின்ன மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். ஆழம் குறைந்த கரையோரத்தில் வட்டமாக வெளிறிய குழி தெரிந்தால் விலகிப் போங்கள். தெரியாமல் மாட்டிவிட்டால் படம் எடுக்க நிற்காமல், பிடித்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள்.