அழுகிய அடித்தண்டும் பிழைத்த மூன் காக்டஸும்

மொட்டைமாடியில் நான் வளர்த்துவந்த சிவப்பு மூன் காக்டஸின் (பச்சைக் கள்ளித்தண்டின் மேல் வண்ண உருண்டைக் கள்ளியை ஒட்டி வளர்க்கும் செடி) பச்சை அடித்தண்டு, ஐப்பசி மழையில் ஊறி, விரலால் அழுத்தினால் பொதுக்கென்று உள்ளே போகும் அளவுக்கு அழுகிவிட்டது. மேலே இருக்கும் சிவப்பு உருண்டையில் பச்சையம் இல்லாததால் அதைத் தனியே மண்ணில் ஊன்றிப் பிழைக்கவைக்க முடியாது. வேறொரு தண்டில் ஒட்டுவதே வழி.

டிராகன் பழக் கொடியின் இளந்தண்டு ஒன்றை, ஸ்பிரிட்டால் துடைத்த பிளேடால் குறுக்கே வெட்டி ஒட்டினேன். ஒரே வாரத்தில் உருண்டை கழன்று விழுந்தது. தவறு என்னுடையதுதான், தண்டின் விளிம்புகளைச் சீவாமல் விட்டுவிட்டேன்: வெட்டுவாய் காயும்போது சதை சுருங்குகிறது, தடித்த தோல் அவ்வளவாகச் சுருங்குவதில்லை, ஆகவே நடுப்பகுதி குழிந்து ஒட்டு பிரிந்துவிடுகிறது.

இரண்டாம் முறை, தண்டின் மூன்று விளிம்புகளையும் பென்சில் சீவுவதுபோலச் சாய்வாகச் சீவி, உருண்டையின் அடியையும் புதிதாக வெட்டி, இரு பரப்பிலும் மங்கலாகத் தெரியும் சாற்றுக்குழாய் வளையங்கள் ஓரிடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு உருண்டையைச் சற்றே ஓரமாக நகர்த்தி வைத்து, தொட்டியோடு சேர்த்து ரப்பர் பேண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினேன். நடுவோடு நடு வைப்பது கண்ணுக்கு அழகுதான், ஆனால் சிறிய வளையம் பெரியதைத் தொடாமலே போய்விடும். 10 நாள் நிழலில், ஒட்டின்மேல் ஒரு சொட்டு நீரும் படாமல் வைத்திருந்து பேண்டுகளைக் கழற்றினேன், உருண்டை அசையவில்லை.